கதைக்க மூச்சில்லாத வாத்தியார்

1997இல் நான் நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனேன். கொப்பியில்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, வன்னியில் கிடுகால் வேய்ந்த கொட்டில் ஒன்றில் நடந்த பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தேன். புலமைப்பரிசில் பரீட்சைக்கு வரக்கூடும் என்று, நான் சென்ற சுற்றுலா என்ற கட்டுரையை ஆசிரியர் சொல்லச் சொல்ல எல்லோரும் எழுதினோம். பஸ்ஸில் யன்னலோரம் இருந்தோம். தேயிலைத் தோட்டங்கள் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் கிடந்தன. மாலையில் மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம். அந்தக் கொட்டிலில் இருந்த ஒருவருக்கும் திரும்பிப் போக வீடு இருக்கவில்லை.

எனக்குப் பக்கத்தில் இருந்த பெடியன் மட்டும் வேறொன்று எழுதினான். வீட்டில் அவிழ்த்துவிட்டு வந்த நாயைப் பற்றியது. அது நாவற்குழிப் பாலம்வரை பின்னால் ஓடி வந்ததாம். ஆசிரியர் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டு, தலைப்புக்குப் பொருத்தமில்லை என்று எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவரும் எங்களைப்போல இடம்பெயர்ந்தவர். ஒரே கொட்டிலில் மூன்று வகுப்புகளைப் பார்த்தவர். எங்களைப் பரீட்சையில் சித்தியடைய வைப்பதுதான் தன்னால் எங்களுக்குச் செய்யக்கூடிய ஒரே உதவி என்று நம்பியவர். ஆனாலும் அந்தச் சிவப்புக் கோடு என் மனதை விட்டுப் போகவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின், பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தபோது, சிறு அச்சுக்கூடங்கள் பற்றிய பாடம் ஒன்றில் செலெஸ்தான் ஃபிரெனே என்ற பெயர் வந்துபோனது. 1920களில் பிரான்சின் மலைக் கிராமம் ஒன்றில், பிள்ளைகள் தங்கள் கதைகளைத் தாங்களே அச்சடிப்பதற்குக் கையச்சு இயந்திரம் வாங்கிக் கொடுத்த ஆசிரியர். விரிவுரையில் அவருக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். நான் அவரைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அந்த நாய்க் கதையால்தான்.

மாணவரின் விருப்பத்தை மையமாகக் கொண்ட கல்வி என்ற சொல்லை இன்று எங்கள் ஊர்ப் பயிற்சிப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கிறோம். கேட்கும்போது அது வசதியான நாடுகளின் சொகுசுபோலத் தோன்றும். முப்பது பேருக்கு நாலு ஆசிரியர்களும் வர்ணம் தீட்டிய சுவர்களும் இருந்தால்தான் முடியும் என்று நினைத்துவிடுவோம். ஃபிரெனேயின் வாழ்க்கை அப்படியானதல்ல. போரில் காயப்பட்டு, கையில் காசில்லாமல், தன் சொந்த நாட்டின் தடுப்பு முகாமிலும் அடைபட்டிருந்த ஒருவர் கட்டியெழுப்பிய கல்வி அது.

நுரையீரலில் ஒரு குண்டு

ஃபிரெனே 1896 ஒக்ரோபர் 15ஆம் திகதி, தென்கிழக்கு பிரான்சின் அல்ப்ஸ் மலைப் பகுதியில் கார்ஸ் என்ற சிறு கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். ஆடு மேய்த்தும் தோட்டத்தில் நின்றும் வளர்ந்த பிள்ளை. 1912இல் நீஸ் நகரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தெரிவானார். ஏழை வீட்டுப் பிள்ளைகள் நிரந்தரச் சம்பளம் ஒன்றை எட்டிப் பிடிக்க அன்றைய பிரான்சில் இருந்த வழிகளில் அதுவும் ஒன்று. எங்கள் தாத்தாமார் காலத்து யாழ்ப்பாணத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பயிற்சி முடியுமுன் முதலாம் உலகப் போர் வந்தது. 1915இல் படைக்கு அழைக்கப்பட்டார். 1917 ஒக்ரோபரில் ஷெமன் தே டாம் போர்முனையில் குண்டு ஒன்று அவர் நுரையீரலைக் காயப்படுத்தியது. அப்போதுதான் அவருக்கு 21 வயது பிறந்திருந்தது. அரசு பதக்கங்கள் கொடுத்தது. உடம்பு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வைத்தியசாலைகளிலும் ஓய்வு இல்லங்களிலும் ஆண்டுகள் கழிந்தன. காயப்பட்டவனின் அனுபவத்தை 1920இல் ஒரு சிறு நூலாக எழுதினார். போரைப் பெருமைப்படுத்தாத நூல் அது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் அவர் போர் எதிர்ப்பாளராகவே இருந்தார்.

அதே ஆண்டு பார்-சூர்-லூ என்ற மலைக் கிராமத்துப் பாடசாலையில் அவருக்கு நியமனம் கிடைத்தது. தோடை மரங்கள் நிறைந்த ஊர். வாசனைத் திரவியத் தொழிலுக்கு அங்கிருந்து பூ போகும். இரண்டு வகுப்புகள் கொண்ட ஆண் பிள்ளைகளின் பாடசாலையில் சின்ன வகுப்பு இவருக்கு. அன்றைய முறை எளிமையானது. ஆசிரியர் மேடையில் நின்று பேசுவார், பிள்ளைகள் கைகட்டிக் கேட்பார்கள், பிறகு பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதுவார்கள். ஃபிரெனேக்கு அது முடியவில்லை. அடைத்த அறையில், வெண்கட்டித் தூசுக்குள், அரைமணி நேரம் தொடர்ந்து பேச மூச்சு இடம் கொடுக்கவில்லை. பேச்சு நின்றால் பிள்ளைகளின் கவனமும் போய்விடும்.

தொழிலை விட்டுவிடுவது ஒரு வழி. அவர் வேறொரு வழியைத் தேடினார்.

நத்தை ஓட்டம்

பிள்ளைகள் எதைக் கவனிக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினார். பாடத்தைக் கவனிக்காதவன் சட்டைப்பைக்குள் இருந்த பூச்சியை மணிக்கணக்காகக் கவனித்தான். ஒருநாள் பிள்ளைகள் பிடித்துவந்த நத்தைகளுக்கு வகுப்பிலேயே ஓட்டப்போட்டி வைத்தார்கள். யாருடைய நத்தை வெல்லும் என்று வகுப்பே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. போட்டி முடிந்ததும் நடந்ததைப் பிள்ளைகள் சொல்ல, ஃபிரெனே கரும்பலகையில் எழுதினார். எழுத்துக்கூட்டி வாசிக்கவே தயங்கியவர்கள் அதைத் தடையில்லாமல் வாசித்தார்கள். தங்கள் வாயிலிருந்து வந்த சொற்கள் என்பதால்.

பின்னேரங்களில் வகுப்பை வெளியே கூட்டிப் போனார். நெசவுக்காரர், தச்சர், கொல்லர் வேலை செய்வதைப் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். திரும்பி வந்து பார்த்ததைக் கரும்பலகையில் எழுதினார்கள். ஆனால் அடுத்த பாடத்துக்கு மணி அடித்ததும் அது அழிக்கப்படும். பிறகு பாடப்புத்தகத்தைத் திறந்தால், அதில் இந்த ஊரோ இந்த மனிதர்களோ இல்லை. பிள்ளையின் வாழ்க்கை அழியக்கூடிய வெண்கட்டியில், யாரோ ஒருவரின் வாழ்க்கை அழியாத அச்சில். இந்த வேறுபாடுதான் ஃபிரெனேயை உறுத்தியது.

1924இல் ஒரு சிறிய கையச்சு இயந்திரத்தை வாங்கி வகுப்புக்குள் வைத்தார். பிள்ளைகள் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தலைகீழாகக் கோர்த்து, மை தடவி அழுத்தினார்கள். எழுத்துப்பிழை இருந்தால் ஊரே பார்க்கும் என்பதால் பிழை திருத்துவது தண்டனையாக இல்லாமல் அவர்களின் சொந்த அக்கறையாக மாறியது. அச்சடித்த தாள்கள் சேர்ந்து வகுப்பின் புத்தகமாயின.

பின்னர் பிரான்சின் மறு கோடியில், அத்திலாந்திக் கரையில் உள்ள த்ரேகன் என்ற ஊரின் ஆசிரியர் ரெனே டானியல் இவருடன் இணைந்தார். இரு பாடசாலைகளும் அச்சடித்த தாள்களை ஒன்றுக்கொன்று அனுப்பத் தொடங்கின. மலைப் பிள்ளைகள் கடலையும் மீன்பிடியையும், கடற்கரைப் பிள்ளைகள் மலையையும் தோடைப் பூ ஆய்வதையும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள். புவியியல் பாடம் தபாலில் வந்தது என்று சொல்லலாம். வாசிக்க ஆள் இருந்ததால்தான் எழுத வேண்டியிருந்தது.

விருப்பம் என்பது வேலை

பிள்ளைகள் விரும்பியதைச் செய்யட்டும் என்று விட்டுவிட்டு ஃபிரெனே சும்மா இருந்தார் என்று நினைத்தால் அது தவறு. அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படிக்கும்போது என்னைக் கவர்ந்தது இந்தப் பகுதிதான். மேடையை விட்டு இறங்கிய ஆசிரியருக்கு வேலை கூடியது.

பிள்ளைகள் விரும்பியதை விரும்பியபோது எழுதுவார்கள். எழுதியதை வகுப்பில் வாசிப்பார்கள். எதை அச்சடிப்பது என்று எல்லோரும் வாக்களிப்பார்கள். தெரிவானதைக் கரும்பலகையில் எழுதிச் சேர்ந்து திருத்துவார்கள். இலக்கணம் அங்கே வரும். ஒருவன் சந்தைக்குப் போன கதை என்றால் கணக்கும் வரும், பழைய வீடு ஒன்றின் கதை என்றால் வரலாறும் வரும். ஆனால் எந்தக் கதை வரும் என்று முதல்நாள் தெரியாது. அதனால் ஆசிரியர் எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

பயிற்சி தேவையில்லை என்றும் அவர் சொல்லவில்லை. பிரித்தல் கணக்கில் பலவீனமான பிள்ளை அதற்குரிய அட்டையை எடுத்துச் செய்து, விடை அட்டையைப் பார்த்துத் தானே திருத்தும். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேலைத்திட்டத்தை எழுதி வைத்து, வார முடிவில் எவ்வளவு முடித்தது என்று பார்க்கும். சுவரில் ஒரு தாள் தொங்கும். குறைகளுக்கு ஒரு பகுதி, பாராட்டுகளுக்கு ஒன்று, கேட்க விரும்புவதற்கு ஒன்று, செய்து முடித்ததற்கு ஒன்று. வார முடிவில் வகுப்பு கூடி அதைப் பேசும். ஆசிரியரைப் பற்றிய குறையும் அதில் வரலாம்.

இத்தனை அட்டைகளையும் சிறு நூல்களையும் ஒரு கிராமத்து வாத்தியாரால் தனியே எழுத முடியாது. அதனால் ஆசிரியர்கள் கூட்டுறவு ஒன்றை அமைத்தார்கள். ஊர் ஊராக இருந்த ஆசிரியர்கள் பாடசாலை விட்டபின் இருந்து எழுதி, ஒருவருக்கொருவர் அனுப்பி, வகுப்பில் சோதித்து, திருத்தி அச்சடித்தார்கள். 1932இல் தொடங்கிய சிறுநூல் வரிசை பல பத்தாண்டுகள் வந்தது. கூட்டுறவின் பெரும் பகுதி வேலையை ஃபிரெனேயின் மனைவி எலீஸ் சுமந்தார். அவரும் ஆசிரியை, ஓவியர். 1926இல் இருவரும் திருமணம் செய்திருந்தார்கள். பிள்ளைகளின் ஓவியங்களை ஓவியங்களாகவே மதித்துப் பார்க்க இயக்கத்துக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

தாகமில்லாத குதிரையைத் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துவந்து தலையை அமுக்கினாலும் அது குடிக்காது என்பதைப் பிற்காலத்தில் ஒரு நூலில் கதையாக விளக்கினார் ஃபிரெனே. தாகத்தை உண்டாக்குவதுதான் ஆசிரியரின் வேலை என்பது அவர் கட்சி. தாகம் எடுக்கும் நேரத்தில் தொட்டியில் தண்ணீரும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அட்டைகளும் நூல்களும்.

ஒரு பிள்ளையின் கனவு

1928இல் ஃபிரெனே தம்பதியினர் சென்-போல் என்ற ஊருக்கு மாறினார்கள். ஓவியர்களும் செல்வந்தர்களும் வந்து தங்கும் அழகான ஊர். பாடசாலை மட்டும் அழுக்காகவும் வசதியின்றியும் கிடந்தது. கழிப்பறையைத் திருத்தித் தரும்படி ஃபிரெனே நகரசபையிடம் மீண்டும் மீண்டும் கேட்டார். முரண்பாடு வளர்ந்தது.

அந்த நேரத்தில் ஒரு மாணவன் தான் கண்ட கனவை எழுதினான். கனவில் பிள்ளைகள் நகரபிதாவுக்கு எதிராகக் கிளம்புகிறார்கள், அவன் அவரைக் கொன்றுவிடுகிறான். வகுப்பு அதையும் மற்றக் கதைகளைப்போல அச்சடித்தது. 1932 டிசம்பரில் ஊர்ச் சுவர்களில் ஆசிரியருக்கு எதிரான சுவரொட்டிகள் தோன்றின. பிள்ளைகளைக் கெடுக்கிறார், கம்யூனிசம் படிப்பிக்கிறார் என்றார்கள். வலதுசாரித் தலைவர் ஷார்ல் மொராஸின் பத்திரிகை விடயத்தைத் தேசியப் பிரச்சினையாக்கியது. சில பெற்றோர் பிள்ளைகளை மறித்தார்கள். சிலர் ஆசிரியரின் பக்கம் நின்றார்கள். 1933 ஏப்ரலில் ஒரு கூட்டம் பாடசாலையை முற்றுகையிட்டுக் கல்லெறிந்தது. அந்த ஆண்டே கல்வி நிர்வாகம் அவரை அங்கிருந்து அகற்றியது.

பிள்ளையின் கனவை அச்சடித்தது சரியா என்று நானும் யோசித்திருக்கிறேன். அதிகாரத்துக்குப் பயந்து வாழ்ந்த ஊரில் வளர்ந்தவள் என்பதால் என் முதல் எண்ணம், அந்தக் கதையை மறைத்து வைத்திருக்கலாமே என்பதுதான். ஆனால் பிள்ளை எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்லிவிட்டு, எழுதியபின் சிவப்புக் கோடு போட்டால், அடுத்த நாள் அது நுவரெலியாவைப் பற்றித்தான் எழுதும். ஃபிரெனே தன் வேலையைக் கொடுத்துப் பிள்ளைக்குச் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்.

அகதிப் பிள்ளைகளும் முகாமும்

அரச பாடசாலையில் இடமில்லை என்றானபின், வான்ஸ் என்ற ஊருக்கு வெளியே ஒரு குன்றில் காணி வாங்கித் தாங்களே பாடசாலை கட்டினார்கள். 1935இல் அது திறக்கப்பட்டது. தோட்டம், ஆடு, பட்டறை, அச்சுக்கூடம் எல்லாம் அங்கே இருந்தன. தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள்.

1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. எல்லை தாண்டி வந்த பிள்ளைகளை ஃபிரெனே தன் பாடசாலையில் சேர்த்துக்கொண்டார். சிறு இடம் நிரம்பி வழிந்தது. சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் இயக்கத்து ஆசிரியர்களிடம் கையேந்தினார்கள். அந்தப் பிள்ளைகளும் மற்றவர்களைப்போலத் தோட்டம் கொத்தினார்கள், எழுத்துக் கோர்த்தார்கள், வாரக் கூட்டத்தில் கை உயர்த்தினார்கள். இரக்கத்துக்குரியவர்களாகத் தனியே ஒதுக்கி வைக்கப்படாமல், வகுப்பில் வேலையும் குரலும் உள்ளவர்களாக இருந்தார்கள். முகாம்களில் நிவாரண வரிசையில் நின்ற எங்களுக்கு இதன் பெறுமதி விளங்கும்.

1940 மார்ச்சில் அவரே கைதானார். பிரான்சில் கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டிருந்த காலம். ஜேர்மன் படை வருமுன்பே, முதல் போரில் நாட்டுக்காக நுரையீரலைக் கொடுத்தவரைச் சந்தேக நபர் என்று அந்த நாடே முகாமில் அடைத்தது. வான்ஸ் பாடசாலை மூடப்பட்டது. முகாம் முகாமாக மாற்றப்பட்டு நோயாளியானார். அங்கேயும் எழுத்தறிவில்லாத கைதிகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அவரது முக்கிய நூல்கள் சில உருவாகத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். 1941 ஒக்ரோபரில் விடுதலையானபோதும் கண்காணிப்பில் இருந்தார். எலீஸின் குடும்பம் இருந்த மலைப் பிரதேசத்தில் தங்கி, பின்னர் நாஸி எதிர்ப்பு இயக்கத்துடன் சேர்ந்தார். விடுதலைக்குப்பின் காப் நகரில் போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு நிலையத்தை அமைக்கப் பாடுபட்டார்.

புகழும் பிளவும்

போர் முடிந்தபின் வான்ஸ் பாடசாலை சிதைவிலிருந்து மீண்டும் எழுந்தது. 1947இல் ஆசிரியர் இயக்கம் ஒரு கூட்டுறவு நிறுவனமாக வடிவம் பெற்றது. 1949இல் ஃபிரெனேயின் கதையைத் தழுவி ஒரு திரைப்படம் வந்தது. பள்ளிக்குக் கள்ளமடித்துத் திரிவதைக் குறிக்கும் பிரெஞ்சுத் தொடர்தான் அதன் பெயர். 1957இல் பல நாட்டு ஆசிரியர்களின் கூட்டமைப்பும் உருவானது. ஒரு வகுப்பில் 25 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற கோரிக்கையை 1950களில் அந்த இயக்கம் முன்வைத்தது. ஒவ்வொரு பிள்ளையின் விருப்பத்தையும் அறிய வேண்டுமென்றால் முதலில் ஒவ்வொரு பிள்ளையின் முகமும் தெரிய வேண்டும் அல்லவா?

அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. பிடிவாதக்காரர். தான் தொடங்கிய இயக்கத்தில் தன் சொல்லே இறுதியாக இருக்க வேண்டும் என்று எண்ணியவர். வலதுசாரிகள் கம்யூனிஸ்ட் என்று துரத்தியவரை, 1950களில் கம்யூனிஸ்ட் கட்சியின் அறிவுஜீவிகளே கடுமையாகத் தாக்கினார்கள். அவர் கட்சியிலிருந்து விலகிப்போனார். 1960களின் தொடக்கத்தில் பரிஸ் நகரத்து ஆசிரியர்கள் சிலர், நெரிசலான நகரப் பாடசாலைகளுக்கு வேறு வழிகள் தேவை என்று வாதாடியபோது, அவர்களுடனும் பிளவு ஏற்பட்டது. பிள்ளைகளின் விமர்சனத்துக்குச் சுவரில் இடம் கொடுத்தவருக்குச் சக ஆசிரியர்களின் விமர்சனம் கசந்தது. இது அவர் வாழ்வில் உள்ள உண்மையான குறை.

1966 ஒக்ரோபர் 8ஆம் திகதி வான்ஸில் காலமானார். பிறந்த ஊரான கார்ஸில் அடக்கம் செய்யப்பட்டார். சுரண்டிப்போன நுரையீரலுடன் 70 வயதை எட்ட ஒரு வாரமே இருந்தது.

சுவரில் ஒரு கயிறு

கடந்த ஆண்டு வேறொரு செய்திக்காகக் கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலைக்குப் போயிருந்தேன். ஒரு வகுப்பின் சுவரில் கயிறு கட்டி, பிள்ளைகள் எழுதிய தாள்களை உடுப்புக் காயப்போடுவதுபோல் தொங்கவிட்டிருந்தார்கள். கிணற்றுக்குள் விழுந்த ஆட்டுக்குட்டி, வெளிநாட்டிலிருந்து வீடியோவில் மட்டும் வரும் அப்பா, அம்மம்மா பெட்டிக்குள் வைத்திருக்கும் மாமாவின் படம். அந்த வகுப்பில் 40க்கு மேற்பட்ட பிள்ளைகள். ரீச்சர் ஃபிரெனேயைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. பாடத்திட்டத்தை முடித்துவிட்டு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் மட்டும் இதைச் செய்வதாகவும், புலமைப்பரிசிலுக்கு இது உதவுமா என்று பெற்றோர் கேட்பதாகவும் சொன்னார். மாமாவின் படத்தைப் பற்றி எழுதிய பிள்ளையின் வீட்டிலிருந்து, அந்தத் தாளைக் கழற்றச் சொல்லி ஆள் வந்ததாம். அவர் கழற்றினார். ஆனால் கிழிக்கவில்லை. பிள்ளையின் கையிலேயே கொடுத்து வீட்டில் வைத்திருக்கச் சொன்னாராம்.

அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. வீட்டுக்காரரின் பயமும் உண்மை, பிள்ளையின் எழுத்தும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் அந்த ரீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். இதை எந்தச் சுற்றறிக்கையும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ஃபிரெனேயின் பிள்ளைகளும் கடைசியில் அரச பரீட்சைக்குத் தோற்றியவர்கள்தான். பரீட்சைக்குப் படிப்பிப்பதா, பிள்ளையை எழுத விடுவதா என்று ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்லி அவர் வாழ்க்கை எங்களைக் கேட்கவில்லை. எழுதியதை வாசிக்க ஒரு பெரியவர் இருக்கிறாரா என்றுதான் கேட்கிறது.

என் பக்கத்தில் இருந்த பெடியன் இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது. நான் புலமைப்பரிசிலில் சித்தியடைந்தேன். சுற்றுலாக் கட்டுரை வரவில்லை. அதில் அன்று எழுதிய மற்ற வரிகள் எல்லாம் மறந்துபோய்விட்டன. அவனுடைய நாயின் பெயர் ஜிம்மி என்பது மட்டும் நினைவிருக்கிறது.